பதினேழாவது மரத்தடி

ஜூலை 4, வியாழன்

எனக்கு மறதி வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. சென்ற மூன்று வாரத்தில் மூன்று முறை நான் பள்ளிக்கூட வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பினேன் என்பது மட்டும் உண்மை. அதைப் பார்த்த காவலாளி, "பெரிய டீச்சருக்கு எதுக்கு வந்தோம்னே தெரியல, பாவம்" என்று பேக்கரியில் சொல்லியிருக்கிறான். பேக்கரியிலிருந்து கோவிலுக்கும் கோவிலிலிருந்து என் வீட்டுச் சமையலறைக்கும் அந்தப் பேச்சு வந்து சேர இரண்டு நாள் ஆனது.

எதற்குப் போனேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அறிவிப்புப் பலகையில் மாணவிகளின் காட்டு முகாம் தேதியைப் பார்க்கப் போனேன். பலகை வாசலுக்கு வெளியிலேயே இருக்கிறது. ஆகவே உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லை.

"ஒரு தேதியப் பாக்க மூணு தடவையா டீச்சரம்மா?" என்று ரெஜினா கேட்டாள். பத்து வருடமாக எனக்குச் சமைக்கிறவள். கேள்வி கேட்கும் உரிமையைத் தானாக எடுத்துக்கொண்டவள்.

"தேதியை மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்க."

"மாத்துனாங்களா?"

"இல்லை. ஆகஸ்ட் பதினாறு."

இன்று முதல் தேதியிட்டு எழுதி வைக்கப்போகிறேன். பெயர் லியோனி பிலவேந்திரன். வயது எழுபத்தாறு. கொடைக்கானல் மலையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் புவியியல் ஆசிரியை. அதில் இருபத்திரண்டு வருடம் கைட்ஸ் என்கிற சாரணியர் படையின் கேப்டன். கணவர் அதே பள்ளியின் அலுவலகக் கண்காணிப்பாளர். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகன் மெல்போர்னில்.

மறதிக்காரி இவ்வளவு ஒழுங்காக எழுத மாட்டாள்.

ஜூலை 6, சனி

கூரைத் தகரம் ஒழுகுகிறது. கொல்லரை வரச் சொல்லி இரண்டாவது முறை ஆளனுப்பினேன்.

ஜூலை 8, திங்கள்

பள்ளியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். செருப்பை வாசலில் நேராக விட்டார், அதைக் கவனித்தேன். பெயர் நவநீதன், ஊர் கோயம்புத்தூர். நார்வேயில் இரண்டு வருடம் வெளிப்புறக் கல்வி படித்தவராம். பள்ளியில் அதற்காகவே ஒரு பதவி உண்டாக்கி இவரை அமர்த்தியிருக்கிறார்கள்.

கையில் ஒரு பழைய நோட்டு. பார்த்தவுடன் தெரிந்தது. என் கையெழுத்து. 1979 முகாம் குறிப்பேடு.

"ஸ்டோர் ரூம்ல கெடச்சுதுங்க மேம். நைட் முழுக்கப் படிச்சேன். இதுல 'மௌன மணி'ன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு பொண்ணையும் ஒரு மரத்தடில தனியா உக்கார வச்சு, ஒரு மணி நேரம் பேசாம அசையாம, கேக்கற சத்தத்த மட்டும் நோட்ல எழுதச் சொல்றது. இதைத்தான் மேம் அங்க பெரிய விஷயமாச் சொல்லித் தர்றாங்க. நீங்க எழுபத்தொம்பதுலயே பண்ணிட்டீங்க."

"எழுபத்தெட்டிலிருந்து" என்று திருத்தினேன்.

பல நாட்டார் பிள்ளைகளை எப்படி வெளியே கூட்டிப் போகிறார்கள் என்று ஒப்பிட்டு ஓர் அத்தியாயம் எழுதித் தர வேண்டுமாம். முகாமுக்கு முன்னால் ஒரு கையேடு அச்சாகிறது. புவியியலும் தெரிந்து, காடும் தெரிந்து, தமிழும் எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்று தலைமையாசிரியை சொன்னாராம். தலைமையாசிரியை சகாயமேரி என் மாணவி. அவள் சொன்னதில் தவறு இல்லை.

"முப்பத்திரண்டு பொண்ணுங்க, எட்டாவது ஒம்பதாவது. ரெண்டாம் நாள் மூணுலேர்ந்து நாலு வரைக்கும் மௌன மணி. அதுக்கு 'லியோனி மணி'ன்னு பேர் வைக்கலாம்னு இருக்கோங்க மேம்."

நான் மகிழ்ச்சி அடைந்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை. ஓய்வு பெறும்போது எனக்குக் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம்.

"எண்பத்தாறோட ஏன் மேம் நிறுத்திட்டீங்க? ஒரு பொண்ணு சொல்பேச்சு கேக்காம எந்திரிச்சுப் பூப்பறிக்கப் போய், காட்டுமாடு முட்டிருச்சுன்னு சொன்னாங்க. அதனாலயா?"

"எண்பத்தேழில் பாடத்திட்டம் மாறியது" என்றேன். பாடத்திட்டம் எண்பத்தேழில் மாறியது உண்மைதான். பிறகு, இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டேன். போதும் என்றார். சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவர்.

ஜூலை 11, வியாழன்

வேலையைத் தொடங்கினேன். நவநீதன் கொடுத்த தாள்கள், நூலகத்திலிருந்து வந்த மூன்று புத்தகங்கள், என் சொந்தக் குறிப்புகள். இன்று எழுதியதன் சுருக்கம்:

நார்வேக்காரர்கள் குளிரில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே தூங்க விடுகிறார்கள். ரெஜினாவிடம் சொன்னேன். "பெத்த தாயா அது?" என்றாள். தாய்தான் ரெஜினா, குழந்தைக்கு நல்லது என்று நம்புகிற தாய். பள்ளியிலும் வாரம் ஒரு நாள் காட்டுக்குள் போகிறார்கள். சிறு பிள்ளை கையில் கத்தி கொடுத்துக் குச்சி சீவச் சொல்கிறார்கள்.

ஜப்பானியப் பிள்ளைகள் வருடத்தில் ஒரு நாள் வகுப்போடு நடந்து போகிறார்கள். அவரவர் சாப்பாட்டுப் பெட்டி, அவரவர் தண்ணீர், அவரவர் குப்பை. புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் முன்பே அச்சாகியிருக்கும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

ஜெர்மனியில் நடந்துகொண்டே பாடுகிற வழக்கம் உண்டு.

எங்கள் கைட்ஸ் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. மௌன மணியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எழுபத்தேழில் புனேயில் பயிற்சி தந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அவருடைய ஊர்க் காட்டில் நரியை விடப் பெரிய மிருகம் கிடையாது என்று அவரே சொல்லிச் சிரித்தார். அசையாமல் இருப்பதை அவரிடம் கற்றேன். பேசாமல் இருப்பதைக் கன்னியர் மடத்துத் தியான நாட்களில் ஏற்கெனவே கற்றிருந்தேன். இரண்டையும் சேர்த்தது நான்.

அந்த நரி விஷயத்தை அத்தியாயத்தில் சேர்க்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

நம் பங்குக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரைக்குச் சோறு கட்டிக்கொண்டு போவது. காணும் பொங்கல். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடை. ரெஜினா வேளாங்கண்ணிக்கு ஏழு முறை நடந்தவள். அவளை உட்கார வைத்துக் கேட்டேன்.

"எத்தனை பேர் போவீர்கள்?"

"அறுவது எழுவது பேரு. செபமாலை சொல்லிக்கிட்டே போவோம். அது முடிஞ்சா பாட்டு. பாட்டு முடிஞ்சா மாமியாரப் பத்திப் பேச்சு. அதுல பத்து மைல் போயிரும்."

"யாராவது தனியே நடப்பார்களா? அமைதியாக?"

"கோவிச்சுக்கிட்டவங்க நடப்பாங்க."

மாலையில் நவநீதன் வந்தபோது இதைப் படித்துக் காட்டினேன். சிரித்தார். "நல்லா இருக்குங்க மேம். ஆனா இதெல்லாம் பிக்னிக் மாதிரிதானே? கூட்டமாப் போயி, சாப்பிட்டு, பேசிட்டு வர்றது. தனியா இருந்து பழகறதுதானே எஜுகேஷன்?"

நானும் முப்பத்தொரு வருடம் அப்படித்தான் சொன்னேன்.

ஜூலை 19, வெள்ளி

பழங்குடிகளான பளியர் வழக்கத்தைப் பற்றி எழுதாமல் இந்த மலையில் இருந்துகொண்டு ஓர் அத்தியாயம் எழுதுவது முறையல்ல. விவரம் கேட்கச் சடையனைப் பார்க்க வேண்டும். எங்கள் முகாம்களுக்குப் பதினோரு வருடம் வழி காட்டிய பளியர்.

"எந்தச் சடையன்?" என்றாள் ரெஜினா. "அந்தப் புள்ள செத்தப்ப வேலைய விட்டு நிறுத்துனாங்களே, அவரா?"

"விவரம் கேட்கப் போகிறேன். வேறொன்றும் இல்லை."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

ஜூலை 22, திங்கள்

ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். பிறகு கால் மைல் நடை. முழங்கால் ஒத்துழைத்தது.

சடையனுக்கு என்னை விட மூன்று நான்கு வயது கூட இருக்கும். வலது கண்ணில் புரை. குடிசை வாசலில் உட்கார்ந்து கூடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். குரலை வைத்தே கண்டுகொண்டார்.

"கேப்டனம்மாவா? உக்காருங்கம்மா. பாய் ஈரம், இங்க உக்காருங்க."

பளியர் பிள்ளைகளைக் காட்டுக்குப் பழக்குவது எப்படி என்று கேட்டேன். குறிப்பெடுத்துக்கொண்டேன். ஐந்து வயதில் கிழங்கு தோண்டக் கூட்டிப் போவார்கள். சின்னது எப்போதும் பெரியதின் கையைப் பிடித்திருக்க வேண்டும். தேன் எடுப்பது பிறகு, மீசை அரும்பிய பின்.

"காட்டில் அமைதியாக இருக்கச் சொல்லித் தருவீர்களா?"

"எதுக்கும்மா? பேசிக்கிட்டுத்தான் போவணும். புள்ளைக கத்திக்கிட்டே போவும். மாடு நம்ம சத்தத்தக் கேட்டா அதுவா வெலகிப் போயிரும். அதுக்கு நம்மளப் பாக்கவே பிடிக்காது. சத்தமில்லாம உக்காந்திருந்தா அதுக்குத் தெரியாதுல்ல? மேஞ்சுக்கிட்டே கிட்ட வந்துரும். வந்து திடுக்குனு பாத்தா, அது என்னம்மா செய்யும்?"

இதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

"அன்னிக்கும் சொன்னேன்" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார்.

மூங்கிலைக் கீழே வைத்தார். "அம்மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் புள்ள எந்திரிக்கல, இல்ல? நான்தான தூக்குனேன். அது உக்காந்த எடத்துல புல்லு வட்டமா அமுங்கிக் கெடந்துச்சு. வேற எங்கயும் மிதிபட்ட தடமே இல்ல. எந்திரிச்சுப் போச்சுன்னு நீங்கள்லாம் சொன்னீக. என் கண்ணுதான் தப்பாப் பாத்துச்சோன்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

ஜீப் ஓட்டுநர் நேரமாகிறது என்று கூப்பிட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

கொல்லர் வந்தார். தகரம் மாற்றியாயிற்று.

ஜூலை 26, வெள்ளி

அத்தியாயம் முடிந்தது. பதினான்கு பக்கம். கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: "ஒவ்வொரு நாட்டாரும் தங்கள் காட்டில் உள்ள மிருகத்துக்கும் தங்கள் வானிலைக்கும் ஏற்றபடியே பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்கிறார்கள். காட்டுமாடு மேயும் இந்த மலையில் பிள்ளைகள் கூட்டமாகவும் சத்தமாகவும் செல்வதே பொருந்தும். தனிமையும் மௌனமும் இங்கே பொருந்தாது."

இது போதுமானது. அறிவுள்ளவர்கள் படித்தால் புரிந்துகொள்வார்கள். என் சொந்த விஷயங்களை ஒரு கல்விக் கட்டுரையில் எழுத வேண்டியதில்லை.

ஜூலை 29, திங்கள்

நவநீதன் கட்டுரையைத் திருத்திக் கொண்டுவந்தார். என் தமிழைத் தொடவில்லை. கடைசிப் பத்தி மட்டும் இல்லை.

"கொஞ்சம் நெகட்டிவா இருந்துச்சுங்க மேம். பேரன்ட்ஸ் படிப்பாங்க. நாம ஒவ்வொரு பொண்ணுக்கும் விசில் குடுத்துடறோம்."

"நானும் கொடுத்தேன்."

"என்னங்க மேம்?"

"எல்லாருக்கும் விசில் கொடுத்தேன் என்கிறேன். நார்வேயிலும் சிறு பிள்ளைகளைத் தனியே உட்கார வைப்பதில்லை. நீங்கள் தந்த தாளிலேயே இருக்கிறது, பதினொன்றாம் பக்கம். பதினாறு வயதுக்கு மேல்தான்."

"நம்ம பொண்ணுங்க அவங்களை விடக் கட்டுப்பாடானவங்க மேம். உக்காருன்னா உக்காருவாங்க" என்றார். நல்ல பையன். என் மேல் உண்மையான மரியாதை வைத்திருக்கிறார்.

ஜூலை 30, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

1986 ஆகஸ்ட் 23, சனிக்கிழமை. இருபத்துநான்கு மாணவிகள். சோலையின் ஓரமாக ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் ஐம்பது தப்படி. எண் வரிசைப்படி உட்கார வைத்தேன். விதிகள் மூன்று. பேசக் கூடாது. கேப்டன் வந்து தோளைத் தொடும்வரை எழுந்திருக்கக் கூடாது. அடிபட்டால் மட்டும் விசில் ஊத வேண்டும். மூன்றாவது விதியை அழுத்திச் சொன்னேன். முந்திய வருடம் ஒருத்தி அணிலைப் பார்த்து ஊதிவிட்டாள். அதற்காக அவளை இரண்டு நாள் பாத்திரம் கழுவ வைத்தேன். எல்லாருக்கும் அது தெரியும்.

மூன்று இருபதுக்குப் பனி இறங்கியது. சடையன் வந்து, "அம்மா, மாடு எறங்குற நேரம். புள்ளைகளச் சத்தம் போட்டுக் கூப்புட்டுருங்க" என்றார். இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது என்றேன். "அப்ப நானாவது கத்திக்கிட்டே ஒரு நடை நடந்துட்டு வரேன்" என்றார். மௌனம் கெட்டுவிடும் என்று தடுத்தேன். அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

நான்கு மணிக்குத் தொடங்கி ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டு எழுப்பினேன். பதினேழாவது மரத்தடியில் அமலோற்பவம். எட்டாம் வகுப்பு. நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண், உபகாரச் சம்பளத்தில் படித்தவள். மரத்தில் சாய்ந்தபடி இருந்தாள். தொட்ட பிறகுதான் தெரிந்தது.

மடியில் நோட்டு. சத்தங்களை வரிசை எண் போட்டு எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து.

1. சில்வண்டு.
2. தூரத்தில் இருமல். மிஸ்ஸாக இருக்கலாம்.
3. இலையிலிருந்து தண்ணீர்.
4. கிளை ஒடியும் சத்தம்.
5. மூச்சு. பெரிய மூச்சு.
6. மிகவும் பக்கத்தில். நான் அசையவில்லை மிஸ்.

விசில் கழுத்தில் இருந்தது. ஊதவில்லை. மாடு பக்கத்தில் வந்து நிற்பது அடிபடுவது அல்ல. விதியைச் சரியாகப் புரிந்துகொண்டவள்.

அறிக்கையை என் கணவர் எழுதினார். மாணவி எச்சரிக்கையை மீறிப் பூப்பறிக்க எழுந்து போனாள். வழிகாட்டி கவனக்குறைவாக இருந்தார். "உன் பேரும் பள்ளிக்கூடத்துப் பேரும் நிக்கணும் லியோனி" என்றார். பதினெட்டாவது மரத்தடியில் இருந்த சிறுமியை அலுவலகத்துக்கு அழைத்து, அமலோற்பவம் எழுந்து போனதைப் பார்த்தாய் அல்லவா என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை அந்தச் சிறுமி, பார்த்தேன் என்றாள். நான் கையெழுத்திட்டேன். காவல் நிலையத்துக்கும் அதே அறிக்கைதான் போனது. இரண்டு நாளில் சடையனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அமலோற்பவத்தின் தாய் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவள். என் முன்னால் நின்று, "எந்திரிச்சா போனா? பூப் பறிக்கவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "விடியாம எந்திரிச்சு எங்கூடப் பறிச்சுப் பறிச்சு, பூவக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குவாளே டீச்சர்" என்றாள். என்னை நம்புவது என்று முடிவு செய்துகொண்டு போனாள்.

நோட்டு என் பீரோவில் இருக்கிறது. கணவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போனேன். தலைமையாசிரியை அறையில் சகாயமேரி எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஐம்பத்திரண்டு வயதிலும் என் முன்னால் எழுந்து நிற்கிறாள். 1986இல் பதினெட்டாவது மரத்தடியில் இருந்தவள் அவள்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் கொடுத்தேன். படித்தாள். ஒரு பக்கம் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"மிஸ், அவ எந்திரிச்சுப் போனத நான் பார்த்தேன்."

"நீ பார்க்கவில்லை. அந்தப் பனியில் பத்தடிக்கு மேல் தெரியாது. ஐம்பது தப்படி."

"பார்த்தேன் மிஸ். போலீஸ்கிட்டயும் சொன்னேன். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட அதை நான் பாவமாச் சொன்னதில்ல. ஏன்னா பார்த்தேன்."

"சார் உன்னிடம் மூன்று முறை கேட்டார், சகாயம். முதல் இரண்டு முறை நீ என்ன சொன்னாய்?"

மேசை மேல் இருந்த காகித எடைக்கல்லைத் திருப்பி வைத்தாள். அறைக்கு வெளியே யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ், நீங்க தனியா இருக்கீங்க. மழைக் காலம் வேற. இதெல்லாம் கலந்து கலந்து வரும். எங்க அம்மாவுக்கும் கடைசில இப்படித்தான் இருந்துச்சு. நீங்க வாசல்ல வந்து வந்து நின்னுட்டுப் போறீங்கன்னு வாட்ச்மேன் சொன்னப்ப எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"முகாமில் அதை மட்டும் நடத்தாதே. வேறு எதுவும் கேட்கவில்லை."

"பேரன்ட்ஸுக்கு ப்ரோக்ராம் அனுப்பியாச்சு மிஸ். ட்ரஸ்டிங்கள்ளாம் வர்றாங்க. உங்க பேர்ல நடக்குது. உங்களுக்குப் பெருமைதானே?" நோட்டை எடுத்து இழுப்பறையில் வைத்தாள். "இத ஃபைல்ல பத்திரமா வைக்கிறேன்."

அசலை ஒப்படைத்து ரசீது பெறாமல் வந்தேன். இருபத்திரண்டு வருடம் மாணவிகளுக்கு இதைச் செய்யாதே என்று சொல்லிக் கொடுத்தவள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ரெஜினா விடுப்பு. அவள் கணவர் ஊரில் ஆற்றுக்குப் போகிறார்களாம். மதியத்துக்கு நேற்றைய ரசம்.

பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். நோட்டைத் திருப்பித் தரும்படியும் மௌன மணியை நிறுத்தும்படியும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மகன் ஜெயசீலன் மெல்போர்னிலிருந்து பேசினான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான்.

"அம்மா, சகாயமேரி அக்கா பேசினாங்க. மதுரைல ஒரு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். சும்மா ஒரு செக்கப்."

"உன் அப்பா ஒரு பொய் அறிக்கை எழுதினார். நான் கையெழுத்திட்டேன்."

"அப்பா செத்துப் போயிட்டாரும்மா. இப்ப எதுக்கு அவரப் போட்டு... சரி, மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறீங்களா?"

போடுகிறேன் என்றேன். உண்மை.

ஆகஸ்ட் 7, புதன்

பதில் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதி, ரெஜினாவிடம் கொடுத்து, அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். "வச்சுட்டுப் போங்கம்மான்னாங்க. முன்னாடி குடுத்ததும் அங்கதான் கெடக்கு, பிரிக்கல" என்றாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கையேடு வந்தது. நல்ல தாள். முதல் அத்தியாயம் என்னுடையது. பெயர் சரியாக அச்சாகியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'லியோனி மணி: விதிகள்' என்று கட்டம் கட்டியிருக்கிறார்கள். பேசக் கூடாது. பயிற்சியாளர் வந்து தோளைத் தொடும்வரை எழுந்திருக்கக் கூடாது. அடிபட்டால் மட்டும் விசில் ஊத வேண்டும். கேப்டன் என்ற சொல்லைத் தவிர, 1979 குறிப்பேட்டிலிருந்து எழுத்துக்கு எழுத்து.

மூன்றரைக்குப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்களிடம் பேசினேன். நான்கு பேரிடம் பேச முடிந்தது. மூவர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான்காமவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்பத்தொன்பதில் என்னிடம் படித்தவளாம்.

"மிஸ், நீங்க இப்படி வருவீங்கன்னு ஸ்கூல்ல மெசேஜ் போட்டிருந்தாங்க. கவலப்படாதீங்க. எம் பொண்ணு ரொம்ப சமத்து. அசையாதேன்னா அசைய மாட்டா. நீங்கதான எங்களயெல்லாம் அப்படி வளத்தீங்க?"

அவள் மகள் பக்கத்தில் நின்றாள். இரட்டைப் பின்னல். பெயரைக் கேட்டேன். ஷாரோன். முகாமில் எத்தனையாவது எண் என்று கேட்டேன். ஒன்பது என்றாள். "யாராவது பக்கத்தில் வந்தால் கத்து" என்றேன். அந்தப் பிள்ளை தாயைப் பார்த்தது. தாய் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்று என்னைக் கேட்டாள்.

பிடித்துக் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தேன். மறதிக்காரி என்றே அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அதைத் திருத்த இனி எனக்கு நேரம் இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

காலை பத்து மணிக்கே பனி. எதிர்வீட்டு வேலி தெரியவில்லை. நவநீதனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மாலையில் ஒரு குறுஞ்செய்தி: "மேம், நீங்க ரெஸ்ட் எடுங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பள்ளிக்கு அனுப்பும் மூன்றாவது கடிதத்தின் நகல். இந்த முறை பதிவுத் தபால்.

அன்புள்ள சகாயமேரி,

1986 ஆகஸ்ட் 25ஆம் தேதி நான் கையெழுத்திட்ட அறிக்கை பொய். அமலோற்பவம் எழுந்து போகவில்லை. பூப்பறிக்கவில்லை. நான் சொன்னதை முழுமையாகச் செய்தாள், அதனால் இறந்தாள். சடையன் என்னை எச்சரித்தார். நான் கேட்கவில்லை. அவர் கண் தப்பாகப் பார்க்கவில்லை என்பதை அவருக்குத் தனியே எழுதிவிட்டேன். படித்துக் காட்ட அங்கே ஆள் இருக்கும்.

அப்போது உனக்குப் பதினான்கு வயது. அந்தப் பொய்யை உன் வாயில் வைத்தவர் என் கணவர். பக்கத்து அறையில் இருந்துகொண்டு கேட்டவள் நான். அது உன்னுடையது அல்ல. நீ அதை யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நோட்டைக்கூட இனிக் கேட்கவில்லை.

முகாமை நிறுத்தும்படியும் கேட்கவில்லை. என் பெயர் இருக்கலாம், எடுத்தும் விடலாம். விழாவும் நடக்கட்டும், ட்ரஸ்டிகளும் வரட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, மூன்று மணிக்கு அந்த முப்பத்திரண்டு பேரையும் நான்கு நான்கு பேராக உட்கார வை. அவர்களைப் பேச விடு. பாட விடு. பனி இறங்கினால் மணி பார்க்காமல் எல்லாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடு.

இதைச் செய்வாயா, மாட்டாயா என்பதை, பதினைந்தாம் தேதி மாலைக்குள் எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.

லியோனி பிலவேந்திரன்